குடைக்கடையில் சித்தப்பாவுக்குப் பெட்டி இல்லை

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கே நீங்களும் நலம் என்பதை, உங்கள் குரல் முடிதிருத்தகத்தைத் தாண்டித் தெருமுனை வரை கேட்டதாகச் சம்பந்தி சொன்னதிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆகவே நலம் விசாரிக்கும் பகுதியை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். கடிதம் எதற்காக எழுதப்படுகிறது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட வேண்டும் என்று கான்வென்டில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த மதர் சொல்வார். சுற்றி வளைத்து வருகிறவர் கைமாற்றுக் கேட்க வந்தவராக இருப்பார் என்பது அவருடைய கருத்து.

போன வாரம் முடிதிருத்தகத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து நாற்காலியில் முகம் நிறையச் சோப்பு நுரையோடு இருந்தவர் என் சம்பந்தி என்பதைக் கவனிக்காமல், “எங்க அண்ணி கடையத்தான் மூடினாங்கன்னு பாத்தா, இப்ப கடைப் பேரையும் வெலைக்கு வாங்கிட்டாங்க. இனிமே எங்க பேரை நாங்க சொல்லிக்கணும்னாலே அவங்களுக்கு வாடகை கட்டணும் போல” என்று நீங்கள் சொன்னீர்களாம். இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது, நான் பெயரை விலைக்கு வாங்கவில்லை. இணையத்தில் ஒரு பெயரை யாராலும் விலைக்கு வாங்க முடியாது. வருடத்துக்கு வருடம் வாடகைக்குத்தான் எடுக்க முடியும். ஆக, வாடகை கட்டுகிறவள் நான். இரண்டாவது, நீங்கள் எனக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை, ஏனென்றால் உங்களுக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை.

இந்தக் கடிதம் இவ்விரண்டையும் திருத்துவதற்கு மட்டுமே. சின்னவளின் பல் மருத்துவமனைத் திறப்புக்கு உங்களை அழைப்பதற்கு அல்ல. அழைப்பிதழ் முன்பே வந்திருக்கும். உங்களிடமிருந்து பதில் வரவில்லை. நம் பழைய குடைக்கடை இருந்த அதே இடத்தில் மருத்துவமனை வருவதால் ‘அந்தப் படியை மிதிக்க மாட்டேன்’ என்று நீங்கள் சொன்னதாகக் கேள்வி. சின்னவளோ, “சித்தப்பா வராம நான் கதவையே திறக்க மாட்டேன், பல்லு வலிக்கிறவங்க எல்லாம் தெருவுல நிக்கட்டும்” என்கிறாள். அது சித்தப்பனுக்கும் மகளுக்கும் உள்ள வழக்கு. நான் தலையிடப் போவதில்லை. எனக்கு அந்த மாதிரிப் பழக்கம் கிடையாது.

எல்லாம் என் கண்ணிலிருந்துதான் ஆரம்பித்தது. எனக்கு முன்பு ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. மூத்தவன் ஓசியில் பிடித்துக்கொடுத்தது. என் பெயர், அதன் பின் ஒரு புள்ளி, ஓர் அடிக்கோடு, வாலில் நான்கு எண்கள். என் பெயருள்ளவர்கள் உலகம் முழுக்க எனக்கு முன்னால் வரிசையில் நின்றுவிட்டதால் எனக்கு மிஞ்சியது அதுதான் என்றான். பெயருக்குப் பின்னால் எண் போடுவது சிறைச்சாலையில். நான் யார் வீட்டில் கன்னம் வைத்தேன்? கண் மருத்துவமனை வரவேற்பு மேசையில் ஒவ்வொரு முறையும் அதை உரக்க ஒப்பிக்க வேண்டும். “புள்ளியாம்மா, கோடாம்மா?” என்பாள் அந்தப் பெண். “ரெண்டும்.” “எதும்மா மொதல்ல?” எனக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கெல்லாம் மனப்பாடம் ஆகி, ஒருநாள் நான் திணறியபோது பின்னாலிருந்த ஒரு பெரியவர் எடுத்துக்கொடுத்தார். இவ்வளவு இருந்தும் அந்தப் பெண் ஓர் எண்ணை மாற்றித் தட்டிவிட, என் பரிசோதனை முடிவு என் பெயருள்ள வேறொருத்திக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் எங்கோ கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவளாம். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, “எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தாங்க தெரியுது, ஆனா இடது கண்ணுல புரைன்னு நீங்க எழுதினதுலேர்ந்து மேல ஏறவே கால் நடுங்குது” என்று அழுதிருக்கிறாள். அவளுக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டார்களாம். புரை எனக்கு, விடுப்பு அவளுக்கு.

இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது மூத்தவன் சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் ஆகையால் அடுத்தவர் விபத்தைக் கேட்டால் சிரிக்கக் கூடாது என்று பழக்கியிருக்கிறார்கள். “அத்தை, நமக்குன்னு ஒரு டொமைன் எடுத்துட்டா வீட்ல எல்லாருக்கும் அதுலயே முகவரி வெச்சுக்கலாம். புள்ளி, கோடு, நம்பர் ஒண்ணும் வேணாம்” என்றாள். டொமைன் என்றால் பயந்துவிடாதீர்கள். இணையத்தில் நமக்கென்று ஒரு வாசல். வாசலில் நாம் வைத்த பெயர்ப்பலகை, உள்ளே ஆளுக்கொரு தபால் பெட்டி. அவ்வளவுதான். பலகையில் என்ன பெயர் எழுதுவது என்பதில்தான் அன்று மாலை முழுவதும் போயிற்று. மூத்தவன் நல்ல நல்ல பெயராக நினைத்துச் சொன்னான். அத்தனையையும் யாரோ எடுத்திருந்தார்கள். குடும்பத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் போட்டால் அது எங்கோ ஒரு டயர் கம்பெனியாக இருந்தது. உங்களுக்கே தெரியும், இந்த வீட்டுக்கு நான் வந்த நாள் முதல் தெருவில் யாராவது “குடைக்கடைக்காரம்மா” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்ததில்லை. ஷேக்ஸ்பியரை மனப்பாடம் செய்தவளை ஒரு சரக்கின் பெயரால் கூப்பிடுவது எனக்குச் சம்மதமில்லை. அன்றைக்கு, களைத்துப்போய், விளையாட்டுக்குத்தான் சொன்னேன்: “குடைக்கடைன்னு போட்டுப் பாரு.” மருமகள் தட்டிப் பார்த்துவிட்டு, “காலியா இருக்கு அத்தை!” என்றாள்.

உலகத்தில் ஒருவர்கூட அந்தப் பெயரைக் கேட்டிருக்கவில்லை. ஒரு கணம் எனக்கு அவமானமாக இருந்தது. அடுத்த கணம், யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பதறிவிட்டேன். “எடு, எடு, எடு!” என்று நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுத் தையல்காரர் பால் பொங்குகிறது என்று நினைத்துக் கீழே ஓடி வந்தார். கொழுந்தனாரே, இதை நீங்கள் முடிதிருத்தகத்தில் சொல்லலாம். தடையில்லை.

அடுத்து, பெட்டிகளுக்கான செலவு. மூத்தவன் முதலில் பார்த்த கம்பெனி தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்றது. தலையை எண்ணிக் காசு வாங்க இது என்ன சுற்றுலாப் பேருந்தா? நம் குடும்பத்தில் தலைகள் கூடிக்கொண்டே அல்லவா போகும்! நானே உட்கார்ந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் பக்கம் பக்கமாகப் படித்து, வீட்டுக்கு மொத்தமாக ஒரே கட்டணம், பெட்டி எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்கிற ஒரு சிறிய கம்பெனியைக் கண்டுபிடித்தேன். வருடத்துக்கு ஒரு நல்ல குடை வாங்குகிற காசு. மடக்குக் குடைகூட இல்லை, நீளக் குடை. மருமகள் அதில் ஏதேதோ பதிவுகளை மாற்றிவிட்டு, “அத்தை, இந்த முகவரி இங்க இருக்குங்கிறது ஒலகம் பூரா பரவணும். அதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்” என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு ஒரு நாள்கூட ஆகலாம் என்றாள். இணையம் என்கிறார்கள், வேகம் என்கிறார்கள். உங்கள் காதில் போட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் பரவியிருக்கும்.

மறுநாள் பரவிவிட்டது. என் முதல் கடிதத்தை முறைப்படி, ஓரம் விட்டு, ‘என் அன்பு மகனுக்கு’ என்று தொடங்கி மூத்தவனுக்கு எழுதினேன். பதில் இல்லை. சாப்பிடும்போது கேட்டேன், வரவில்லை என்றான். தேடினால், அவன் பெட்டியில் குப்பை என்று ஒரு கூடை இருக்கிறது, அதில் கிடந்தது. ஒருபக்கம் வழுக்கைத் தலையில் முடி வளர்க்கிற தைலம், இன்னொருபக்கம் அறியாத நாட்டு இளவரசர் ஒருவரின் சொத்து, நடுவில் பெற்ற தாய். “நான் போடலம்மா, அதுவா போட்டுக்குது” என்றான். “அதுவா போட்டுக்குதுன்னா, அதுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?” என்றேன். மருமகள்தான் விளக்கினாள். “புதுசா வர்ற முகவரியை அது நம்பாது அத்தை. கொஞ்ச நாள் வெச்சுப் பாத்து, பரவாயில்ல, நல்ல இடம்தான்னு தெரிஞ்சப்புறம்தான் உள்ள விடும்.” சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல், தட்டைக் கழுவிக்கொண்டே, “நான் வந்த புதுசுல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்றாள். மூத்தவனுக்குப் புரையேறிவிட்டது. மறுநாள் காலை அவளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அதில் என்ன எழுதினேன் என்பது அவளுக்கும் எனக்கும் உள்ளது. அன்று அவள் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்தாள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பெட்டிகளுக்குப் பெயர் வைத்தது நான். நீங்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் சிரிக்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். என் மாமனார் பெயரை அண்ணன் மகனுக்கு ஒன்று, தம்பி மகனுக்கு ஒன்று, அத்தை மகனுக்கு ஒன்று என்று நீங்கள் எல்லாரும் தானம் செய்துவிட்டீர்கள். இணையத்தில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான். மூன்று பேரில் யாருக்குக் கொடுத்தாலும் மற்ற இருவருக்குப் பின்னால் எண் போட வேண்டும், எண் என்பது இந்த வாசலுக்குள் வரக் கூடாது. ஆகவே உறவு முறையை வைத்தேன். வாடகை கட்டுகிறவள் நான், எனக்கு யார் என்ன முறையோ அதுதான் முகவரி. மகன்@குடைக்கடை, மருமகள்@குடைக்கடை, சின்னவள்@குடைக்கடை, மாப்பிள்ளை@குடைக்கடை, சம்பந்தி@குடைக்கடை. எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். “அப்பாவுக்கு ஒண்ணு வெக்கலாமாம்மா?” என்று மூத்தவன் மெல்லக் கேட்டான். “இருந்தப்பவே ஒரு கடிதத்துக்கும் பதில் போட்டதில்லை உங்கப்பா, இப்ப வெச்சு என்ன பண்ண?” என்றேன். எல்லாரும் சிரித்தோம், அவர் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார், சிரித்துவிட்டுப் பதில் போடாமல் இருந்திருப்பார்.

இது தவறான ஏற்பாடு என்று முதல் வாரத்திலேயே தெரிந்தது. மருமகள் அலுவலக மேலதிகாரிக்கு அவசரத்தில் இந்த முகவரியிலிருந்து விடுப்புக் கடிதம் அனுப்ப, அவர் கூட்டத்தின் நடுவில், “யாரும்மா இது, மருமகள்னு மட்டும் போட்டிருக்கு? யார் வீட்டு மருமக? எங்கம்மா பாத்தா பிரச்சினை ஆயிடும்” என்றாராம். ஆனால் மாப்பிள்ளைக்கு நடந்ததைக் கேளுங்கள். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வேலைக்கான மதிப்பீட்டை மாப்பிள்ளை@குடைக்கடையிலிருந்து அனுப்பியிருக்கிறார். போனால், சங்கச் செயலாளர் வாசலுக்கே வந்து, “வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை” என்று காப்பி கொடுத்து, மின்விசிறியைத் திருப்பி வைத்து, “மாப்பிள்ளைக்கிட்ட பேரம் பேசினா நல்லாவா இருக்கும்?” என்று கேட்ட தொகையை அப்படியே சம்மதித்துவிட்டாராம். அன்று முதல் இவருக்கு வீட்டில் இல்லாத மாப்பிள்ளை முறுக்கு வெளியில் வந்துவிட்டது. லிஃப்ட் தண்டவாளத்துக்கு எண்ணெய் போடும்போதுகூட யாராவது விளக்குப் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்.

சம்பந்தி கதை இன்னும் விசேஷம். அவர் தெருக்குழாய் உடைந்து ஓடுவதைப் பற்றி ஓய்வு பெற்ற நாளிலிருந்து குடிநீர் அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருப்பவர். ஒரு பயனும் இல்லை. சம்பந்தி@குடைக்கடையிலிருந்து ஒன்று போட்டார். அங்கே இருந்த எழுத்தர், இவ்வளவு தைரியமாக வெறும் ‘சம்பந்தி’ என்று போடுகிறவர் நிச்சயம் மேலே இருக்கிற யாருக்கோ சம்பந்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். யாருக்கு என்று கேட்கவும் பயம். மறுநாள் காலை மண்வெட்டியோடு நான்கு பேர், மேற்பார்வைக்கு இரண்டு பேர். “சம்பந்தி ஐயா வீடு எதுங்க?” இப்போது அவர் தெரு முழுவதற்கும் புகார் எழுதிக் கொடுக்கிறார். முன்பு எல்லாரும் அவரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போவார்கள். இன்று அவர் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. மூத்தவனும் தப்பவில்லை. மரக்கடைக்காரர் ஒருவர் வெகுநாளாக அவனுக்குப் பதிலே போடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். மகன்@ என்ற பெயரைப் பார்த்ததும் உடனே திறந்திருக்கிறார். உள்ளே அவன் விலை கேட்டிருந்த மரப் பட்டியல்தான் இருந்தது. இருந்தாலும், “என் பையன்னு நெனச்சுட்டேன். பரவாயில்ல, நீ சாப்பிட்டியாப்பா?” என்று பதில் வந்ததாம். மூத்தவன் அந்தப் பதிலை என்னிடம் காட்டிவிட்டு, அன்று மத்தியானம் அவனாகவே எனக்கொரு கடிதம் எழுதினான். அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதினான்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உங்கள் பெயர் வந்தது. அதைச் சொல்லும் முன் ஒரு விவரம். இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி இருக்கிறது. நம் வாசலுக்கு, இல்லாத ஒரு பெட்டியின் பெயரைப் போட்டு யாராவது கடிதம் அனுப்பினால், அதைத் திருப்பி அனுப்பலாம், அல்லது எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வாங்கி வைக்கலாம். வீடு தேடி வந்ததைத் திருப்பி அனுப்புவது எனக்குப் பிடிக்காது, ஆகவே முகவரி தப்பிய கடிதங்கள் எல்லாம் என் பெட்டியில் விழட்டும் என்று வைத்தேன். ஒன்றிரண்டு வரும் என்று நினைத்தேன். ஆனால் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது: இங்கே எல்லாரும் உறவு முறையில் இருக்கிறார்கள், ஆக சித்தப்பாவும் இருப்பார். ‘உங்களுக்கு முகவரி இருக்கிறதா’ என்று யாரும் கேட்கவில்லை. சித்தப்பா@குடைக்கடை என்று போட்டு அவர்கள் பாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் பிள்ளை, அக்காள் மருமகன், யாருக்கு யார் என்றே எனக்குத் தெரியாத சில பேர். அக்காள் மருமகனுக்கு நீங்கள் சித்தப்பா முறையே இல்லை, இருந்தாலும் அனுப்புகிறார். எனக்கு ஒரு வாரத்தில் வருவதைவிட உங்களுக்கு ஒரு நாளில் வருவது அதிகம். வாடகை கட்டுகிறவள் நான். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

அவற்றை நான் படிக்கவில்லை. கடிதம் யார் பெயருக்கு வந்ததோ அவருக்கே சொந்தம் என்று கற்றவள் நான். மேலே பெயரைப் பார்ப்பேன், தனிக் கூடையில் போட்டு வைப்பேன், அவ்வளவுதான். உங்களுக்கென்று பெட்டி வைக்கவும் இல்லை. கேட்காதவர்களுக்குக் கொடுப்பதும், கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுவதும் எனக்கு வராது. உங்களுக்கு வேண்டுமென்றால் கேட்பீர்கள். வேண்டாமென்றால் கூடை நிறையட்டும்.

மருத்துவமனையை நேற்றுப் போய்ப் பார்த்தேன். அதையும் தகவலுக்காகச் சொல்கிறேன். சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள், தரைக்கு ஈரத்தில் வழுக்காத கல். கண்ணாடி அலமாரியை எடுத்துவிடச் சொன்னேன், சின்னவள் கேட்கவில்லை. பெண்களுக்கான பூப்போட்ட குடைகள் விரித்து வைத்திருந்த தட்டில் இப்போது சுண்ணத்தில் செய்த தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கின்றன. குடைகளை மாட்டியிருந்த நீளக் குழாயில் அவளுடைய வெள்ளைக் கோட்டுகள். விலை பேசும்போது நீங்கள் முழங்கை வைத்துத் தேய்த்த மேசை ஓரத்தை மட்டும் பாலிஷ் போட விடாமல் வைத்திருக்கிறாள்; அங்கேதான் வரவேற்புப் பெண் உட்காருவாளாம். அவளுடைய அட்டையில் முகவரி சின்னவள்@குடைக்கடை என்றுதான் இருக்கிறது. “ஒரு டாக்டர் இப்படிப் போட்டா யாருடி வருவா?” என்றேன். “அம்மா, இந்த ஊர்ல எடம் தெரியாதவன்கூட குடைக்கடைன்னா தெரிஞ்சு வருவான். எனக்குப் பலகையே தேவையில்ல” என்றாள். சம்பந்தி ஒருபடி மேலே போய், “பல்லைக் குடையிற கடைதானே, பேரு பொருத்தமாத்தான் இருக்கு” என்றார். அவருக்கு வெந்நீர் மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

கடையை மூடியது நான்தான். அதை மறுக்கவில்லை. உங்கள் அண்ணன் போன பிறகு, அலமாரியைத் துடைப்பவர்களைவிட வாங்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். நீங்கள் நடத்தலாம் என்றீர்கள், நான் மூடலாம் என்றேன். நான் சொன்னது சரி. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அன்று நீங்கள் சாவியை மேசையில் வைத்துவிட்டு, வெளியே கொட்டுகிற மழையில், கடை நிறையக் குடைகள் தொங்கிக்கொண்டிருக்க, ஒன்றைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனீர்கள். தெருவே பார்த்தது. குடைக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை தொப்பலாக நனைந்துகொண்டு போகிறார்! எனக்குக் கோபத்தைவிடத் தொழிலுக்கு நேர்ந்த அவமானம்தான் பெரிதாகப் பட்டது. ஒரு குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வாசல் வரை வந்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நாம் சந்தித்ததெல்லாம் கல்யாண மண்டபங்களில், அதுவும் நீங்கள் ஒரு கோடியில், நான் ஒரு கோடியில், நடுவில் நாதஸ்வரம். இந்தப் பெயரை யாராவது எடுத்துவிடுவார்களோ என்று அன்றைக்கு நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று நீங்கள் முடிதிருத்தகத்தில் யாரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டிருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்காது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

எனவே சுருக்கமாக: பெயர் வாடகைக்கு எடுக்கப்பட்டது. உங்களுக்குப் பெட்டி இல்லை. உங்கள் கடிதங்களை நான் படிக்கவில்லை. திறப்புக்கு வருவதும் வராததும் உங்கள் விருப்பம். நான் அழைக்கவில்லை, வற்புறுத்தவில்லை, இதில் எனக்குச் சம்பந்தமில்லை.

ஓரகத்திக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். வயதில் மூத்தவள் என்ற முறையில் உங்களுக்கும் ஒன்று உண்டு, வேண்டாம் என்று திருப்பி அனுப்ப வசதி கிடையாது. மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது, எங்கே போனாலும் தலையை மூடிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பி.கு.: உறையை ஒட்டும் முன் ஒன்றிரண்டு திருத்தங்கள். சித்தப்பா@குடைக்கடைக்குச் சின்னவளிடமிருந்து வந்த ஒரு கடிதத்தை மட்டும் பார்த்தேன். முதல் வரி மட்டும்தான். இரண்டாவது வரி முதல் வரியின் தொடர்ச்சியாக இருந்ததால் அதையும் பார்க்க வேண்டியதாயிற்று, கடைசிவரை இப்படியே தொடர்ச்சியாக எழுதியிருந்தாள். ‘சித்தப்பா, கோவம் எல்லாம் அம்மாவோட வெச்சுக்கோங்க, என் நாற்காலியில மொதல்ல நீங்கதான் உக்காரணும், எனக்கு வேற யாரும் வேணாம்’ என்று இருந்தது. இதற்குப் பதில் போடாமல் விட்டால் நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பாள்? பதில் உங்கள் பெயரிலிருந்து போக வேண்டும் என்றால் உங்களுக்குப் பெட்டி இருக்க வேண்டும். ஆகவே வைத்தேன். ‘அன்பு மகளே, அவசியம் வருகிறேன், நாற்காலியில் முதல் ஆளாக உட்காருகிறேன், எனக்கு வலது பக்கம் மேல் கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருக்கிறது, அதை நீயே எடுத்துவிடு’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பல் மருத்துவர் என்றால் நீங்கள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறவர் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் கடிதத்தில் மிகுந்த தைரியம் காட்டியிருக்கிறீர்கள். உங்கள் பல் ஆடுவது எனக்கு எப்படித் தெரியும் என்று வீட்டில் சண்டை போட வேண்டாம். இந்த ஏற்பாடு தொடங்கிய இரண்டாம் நாளே ஓரகத்தி@குடைக்கடை என்று ஒன்று வாங்கிக்கொண்டாள் உங்கள் மனைவி. தினமும் எழுதுகிறாள், கையெழுத்தைவிடத் தட்டச்சு நன்றாக இருக்கிறது. உங்கள் கடவுச்சொல்லும் அவளிடம்தான் இருக்கிறது.

சின்னவளின் மறுபதில் நேற்று வந்தது. ‘சித்தப்பா, உங்க கடிதத்துல காற்புள்ளி எல்லாம் அததுக்குரிய எடத்துல இருக்கு. நீங்க எழுதினீங்களோ யார் எழுதினாங்களோ, பரவாயில்ல, வர்றேன்னு எழுதிட்டீங்க, அது போதும்’ என்கிறாள். ஆக, அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் இந்த ஒரு பதிலை மட்டும் உங்களுக்காக என்னால் எழுத முடியாது. அந்தப் பல் வலது பக்கமா, இடது பக்கமா என்பதில் உங்கள் மனைவி உறுதியாக இல்லை. ஊசியைத் தவறான பக்கத்தில் போட்டுவிடக் கூடாது. வருகிறீர்களா, எந்தப் பக்கம் என்ற இரண்டையும் உங்கள் கையாலேயே எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.